நனையாத கோட்டு

அடர்நீலக் கம்பளிக் கோட்டு. இடப்பக்கப் பையின் மேல் தங்கநிற நூலில் கல்லூரிச் சின்னம், முன்னால் மூன்று பித்தளைப் பொத்தான்கள். க்யூர்பிப் நகரத்தில் தையற்காரர் என் தோளில் நாடாவை வைத்து அளந்தபோது அப்பா கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். காலில் கரும்புக்காட்டுச் சேறு இருந்ததால்தான் வெளியே நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விலையைக் காதால் கேட்க அவருக்குத் துணிவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

எனக்கு அப்போது பதினாறு வயது. தீவின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊர் சுயாக்கிலிருந்து பஸ் ஏறி க்யூர்பிப் போய்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்; உயர்நிலைப் பள்ளியை எங்கள் தீவில் கல்லூரி என்றுதான் சொல்வார்கள். அப்பா தோட்டத்தில் கரும்பு வெட்டுகிறவர். எங்கள் வீட்டுக் கூரை கரும்புத் தோகை வேய்ந்தது. அதைப் பிரித்துவிட்டுத் தகரம் போடுவதற்காக மூன்று அறுவடைகளாகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பணத்தில்தான் என் கண் விழுந்தது. எங்கள் தீவில் ஜூனில்தான் குளிர்காலம் தொடங்கும்; கோட்டு அதற்குத்தான் வேண்டும். நான் ஜனவரியிலேயே பிடிவாதம் பிடித்தேன், ஏனென்றால் மார்ச்சில் வகுப்புப் படம் எடுப்பார்கள். மற்ற பெண்கள் எல்லோரிடமும் கோட்டு இருந்தது. "இத்தன வருஷம் நின்ன கூர இந்த வருஷமா விழப்போகுது?" என்று வாதாடினேன். இரண்டு நாள் பட்டினி கிடந்தேன். அம்மா பார்க்காதபோது மாம்பழம் தின்றதையும் சொல்லிவிடுகிறேன்; வெட்கப்படுவதென்று ஆனபின் முழுதாகவே வெட்கப்படலாம். மூன்றாம் நாள் காலை, "தகரம் அடுத்த வருஷம் போட்டுக்கலாம்" என்றார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரிக் கடைசியில் புயல் வந்தது. காலையில் காவல் நிலையத்தில் புயல் எச்சரிக்கைக்கான சிவப்புக் கொடி ஏற்றினார்கள்; நண்பகலில் எங்கள் கூரை போயிற்று. முதலில் ஒரு மூலை தூக்கியது, பிறகு மொத்தமாகக் கிளம்பிவிட்டது. அம்மா அரிசி டின்னை எடுத்தாள். அப்பா என் கோட்டை எடுத்தார். மேசை மேல் கிடந்த மெழுகுத் துணியில் அதைச் சுற்றி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, குனிந்தபடியே ஊர்ப் பள்ளிக்கூடம் வரை ஓடினார். ஊரில் பாதிப் பேர் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். துணியைப் பிரித்து அவர் நீட்டியபோது கோட்டில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. வாங்கி உடனே போட்டுக்கொண்டேன்.

அப்பாவுக்கு உதறல் எடுத்தது. சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது, பற்கள் தந்தியடித்தன. "அந்தக் கோட்டக் கழட்டிக் குடு புள்ள, அப்பாவுக்குப் போத்தணும்" என்றாள் அம்மா.

"ஈரம் பட்டா சுருங்கிடும். போட்டோவுக்கு வேணும்" என்றேன்.

மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அம்மா கையை ஓங்கினாள். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "லெஸ் லி" என்றார், அவளை விட்டுவிடு என்று எங்கள் தீவின் கிரியோல் மொழியில். "புள்ளைக்கி அது வேணும்."

பக்கத்திலிருந்த கிரியோல் பெண் ஒருத்தி தன் தோளில் கிடந்த கோணியை எடுத்து அவருக்குப் போர்த்தினாள். பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள். நான் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஜூனில் அறுவடை தொடங்கியபோதும் பழையபடி கத்தி வீச முடியவில்லை. தகர வீடுகளும்தான் பறந்தன, உங்கள் தகரமும் பறந்திருக்கும் என்று பின்னாளில் பலர் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். கூரை போனதை நினைத்து நான் கூசுவதில்லை. அப்பா அதன்பின் பல ஆண்டுகள் இருந்தார். ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். வகுப்புப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டமெல்லாம் காட்டித் திரிந்தார்.

இப்போது என் பேத்திக்குப் பதினைந்து வயது. அவள் கேட்கும் காலணியின் விலையைக் கேட்டு என் மகன் தலையில் கை வைத்துக்கொள்கிறான். "நீங்களாவது சொல்லுங்கம்மா, இதெல்லாம் அவசியமான்னு" என்கிறான். நான் பர்ஸைத் திறந்துவிடுவேன். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேன் என்று அவன் குறைபட்டுக்கொள்வான். அவனுக்கு நான் இதைச் சொன்னதில்லை. அந்தக் கோட்டைக் கழற்றி அப்பாவுக்குப் போர்த்த எனக்கு அரை நிமிடம் கூட ஆகியிருக்காது.