சகலைக்கு நான்தான் ஸ்டாண்டு

அந்த லென்ஸ் முதன்முதலில் என் தோள்மேல் உட்கார்ந்தபோது ஐஸ் கட்டியை வைத்தாற்போல் இருந்தது. முழ நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய். கறுப்புச் சாயம் உதிர்ந்த இடங்களில் உலோகம் பல்லிளிக்கும். உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை, இணையத்தில் யாரோ விற்றதை ஒரு நல்ல சட்டை விலைக்கு வாங்கிப்போட்டார். நாங்கள் இருவரும் டவுசர் போட்டுக்கொண்டிருந்த காலத்து லென்ஸ் அது. இடையில் ஒரு வளையத்தை மாட்டி இந்தக் காலத்துக் கேமராவோடு சேர்த்துவைத்திருந்தார். "பொருந்தாத கல்யாணமுங்க சகலை, ஆனாலும் குடும்பம் நடக்குது" என்பார்.

அந்தக் குடும்பத்தில் எல்லாமே கைவேலைதான். லென்ஸில் இருக்கும் ஃபோகஸ் வளையத்தைத் திருகித் திருகித்தான் படத்தைத் தெளிவாக்க வேண்டும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துவரும் லென்ஸ், எடுப்பவரின் கை நடுக்கத்தையும் கூடவே இழுத்துவந்துவிடும். மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று வாங்கலாமே என்றேன். "ஸ்டாண்டு போட்டு எடுக்கறதுக்கு இங்க என்ன கல்யாணமா நடக்குது? குருவி நமக்காக நிக்குமுங்களா?" என்றார். மூச்சை அடக்கி, முழங்கையை விலாவில் ஒட்டி, என்னென்னவோ செய்துபார்த்தார். படம் ஆடியது. கடைசியில்தான் என்னைக் கண்டுபிடித்தார். என்னை முன்னால் குந்தவைத்து, என் தோளில் லென்ஸைச் சாய்த்து, பின்னால் இருந்து எடுப்பது. சூலூரில் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் எனக்கு உடம்பு பெரிது, ஞாயிற்றுக்கிழமை வேலை சிறிது. ஸ்டாண்டு ஆவதற்கு வேறு தகுதி வேண்டியதில்லை.

நான் பயந்தாங்கொள்ளி என்பது அதுவரை ஊருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன். விருந்துச் சோற்றில் ரப்பர் பல்லியைப் போடுகிற ஆளை யாராவது பயந்தவன் என்று நினைப்பார்களா?

தொண்டாமுத்தூர்ப் பக்கம் சகலையின் சிநேகிதர் ஒருவருக்கு மலையடிவாரத்தில் வாழைத்தோட்டம். அங்கே கரண்டு கம்பியில் பனங்காடை வந்து உட்காரும், காலை வெயிலில் அதன் இறக்கை நீலமாக எரியும் என்று என்னைக் கூட்டிப்போனார். வாய்க்கால் வரப்புக்குப் பின்னால் நான் குந்தினேன். லென்ஸ் தோளேறியது. பனங்காடை வரவில்லை. தோட்டத்தின் கோடியில் வாழையிலைகள் மட்டும் ஆடின. மற்ற இடத்தில் ஒரு இலை அசையவில்லை.

இலைகளை விலக்கிக்கொண்டு ஒற்றை யானை வெளியே வந்தது.

"சகலை, ஆடாதீங்க" என்றார் பின்னால். குரலில் குழந்தையின் சந்தோஷம். "யானையுங்க" என்றேன். "அதைத்தான நானும் பாக்கறேன். மூச்சு உடாதீங்க."

காற்று யானை பக்கமிருந்து எங்கள் பக்கம் அடித்தது. அதனால் எங்கள் வாடை அதற்கு எட்டவில்லை. இதையெல்லாம் பின்னால் யோசித்துத்தான் சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அது நேராக எங்களை நோக்கி, ஒரு அவசரமும் இல்லாமல், வீட்டுக்கு வருகிற மாமனார் மாதிரி நடந்து வந்தது என்பதுதான். காதருகே கேமரா 'கிளக்' என்றது. யானை நின்றது. காதுகள் விரிந்தன. என் முழங்கால்கள் தனித்தனியாக ஆடின. "ஆடாதீங்கன்னா" என்று அதட்டல். மறுபடி நடந்தது. மறுபடி 'கிளக்'. வாழ்க்கையில் நான் பேச வேண்டிய ஒரே நேரத்தில் வாய் லீவு போட்டுவிட்டது.

நான் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் லென்ஸ் வழியாக. லென்ஸுக்குள் எந்த யானையும் எப்போதும் கிட்டத்தான் தெரியும். அதனால் அவர் கணக்கில் அது இன்னும் தூரத்து யானைதான். தும்பிக்கையில் அப்பியிருந்த சேறு எனக்குத் தெரிந்தது. அது மூச்சுவிடுவது கேட்டது, கொல்லன் துருத்தி மாதிரி. கண்ணோரத்து ஈரத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்ததைக்கூடப் பார்த்துவிட்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து சலிப்போடு கிசுகிசுத்தார்:

"என்ன கெரகமுங்க இது, ஃபோகஸே ஆவமாட்டேங்குது. கடைசி வரைக்கும் திருகியாச்சு. லென்ஸ் போச்சாட்ட இருக்குது சகலை."

பழைய நீள லென்ஸுக்கு ஒரு எல்லை உண்டு. அதைவிடப் பக்கத்தில் ஒரு பொருள் வந்துவிட்டால், வளையத்தை எவ்வளவு திருகினாலும் மங்கல்தான். இந்த லென்ஸுக்கு அது இருபதடி. "இருபதடிக்குள்ள வந்தா இதுக்குக் கண்ணு தெரியாதுங்க" என்று எனக்குச் சொன்னதே அவர்தான்.

"லென்ஸுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "கண்ணை எடுத்துட்டுப் பாருங்க."

தோளில் இருந்த கனம் போனது. ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஓடியிருந்தால் நியாயம்தான். அவருக்கும் யானைக்கும் நடுவே நான் மலைபோல் குந்தியிருக்கிறேன், அவர் பின்னால் சைக்கிள் போகிற அளவுக்கு வழி இருக்கிறது. எனக்குத்தான் கால் இரண்டும் யாரோ கழற்றிக்கொண்டு போன மாதிரி கிடந்தன.

அப்புறம் லென்ஸ் இருந்த இடத்தில் அவர் கை வந்து உட்கார்ந்தது. அந்தக் கை, குளிர்காய்ச்சல் வந்தவன் கைபோல, என் சட்டையோடு சேர்ந்து உதறியது. எடுக்கவில்லை. இருவரும் அப்படியே இருந்தோம். யானை எங்களைப் பார்த்ததோ, பார்த்துவிட்டு வேண்டாம் என்று நினைத்ததோ, பக்கத்து வாழை ஒன்றைச் சாய்த்துக் குருத்தை உருவிக்கொண்டு தென்னைகளுக்குள் போயிற்று. இலைச் சத்தம் அடங்கிய பிறகு அவர் என்னைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். வண்டிச் சாவியைத் துவாரத்தில் போட இருவருக்கும் முடியாமல், ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தோம்.

டீக்கடையில் பாதி டீ சாஸரில் கிடந்தது. "நீங்க ஓடியிருக்கலாமுங்கல்ல?" என்று கேட்டேன்.

"ஓடலாமுங்க" என்றார். "ஓடி ஊட்டுக்கு வந்து, கொழுந்தியாகிட்ட என்னன்னு சொல்றதுங்க? அதுக்கு அந்த யானையே தேவலைங்க."

விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வசனத்தை அவர் குரலிலேயே எத்தனையோ விசேஷ வீடுகளில் நடித்துக் காட்டியிருக்கிறேன்.

போன வருஷம் ஒரு நடுப்பகலில், பல்லடத்தில் அவர் வேலை பார்த்த கோழித்தீவன ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நான். டாக்டர் வெளியே வந்து என்னிடம்தான் சொன்னார், நிதானமாக, இரண்டு தடவை. மாடிப்படி இறங்கி வந்தேன். மனைவியின் அக்கா அப்போதுதான் டாக்சியிலிருந்து இறங்கி, அவருக்கு மாற்று வேட்டி வைத்த பையோடு வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"தம்பி, உங்க சகலை கண்ணு முழிச்சுட்டாருங்களா?"

வாசலில் நின்றுகொண்டு, அவிநாசி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். எங்கிருந்தாவது ஒரு யானை வராதா என்று.