கழுத்தில் மாலையோடு ஒரு பெச்சா சவாரி

கலர் விளக்குப் போட்ட பெச்சா என்கிற மூன்று சக்கர சைக்கிள் ரிக்ஷாவில் பொண்டாட்டியை உட்காரவைத்து மலாக்கா டவுனை ஒரு சுற்று சுற்றிவந்தால், அவள் என்னை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போகமாட்டாள் என்று நான் நம்பினேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. லாரி ஓட்டுகிறவன். பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் இறங்கினால் எவன் சொன்னாலும் நிற்காது என்று தெரிந்தவன். இருந்தும் நம்பினேன்.

விவரம் இதுதான். புக்கிட் ரம்பாயில் அவள் வேலை செய்யும் ஃபேக்டரியில் அவளை லைன் லீடர் ஆக்கினார்கள். அடுத்த வாரமே சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். எங்கள் பக்கத்து விசேஷங்களில் மைக் என் கையில்தான் இருக்கும். யாரும் கொடுப்பதில்லை, நானாக எடுத்துக்கொள்வது. “இனிமே எங்க வீட்ல சோறு வேணும்னா பஞ்ச் கார்டு அடிக்கணும், பாத்ரூம் போறதுக்குப் பாஸ் வாங்கணும்” என்று எடுத்துவிட்டேன். மண்டபமே சிரித்தது. அவள் மட்டும் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நல்ல ஜோக். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் பாயா ரும்புட் வீட்டில் என்னோடு பேசியது சீலிங் ஃபேன் ஒன்றுதான். பிறகு ஒரு சாயங்காலம் அவளே வாயைத் திறந்தாள்.

“ஞாயித்துக்கெழம சுங்கை ரம்பாய் போறேன். அண்ணன் வீட்ல இருக்கப்போறேன்.”

“எத்தன நாளு?”

“அது எனக்கே தெரியாது. உங்களுக்கு எதுக்கு?”

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பையைத் திறந்தேன். பெண்கள் பையில் சேலை இருந்தால் விருந்துக்குப் போகிறார்கள் என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. இவள் பையில் சேலையே இல்லை. ஃபேக்டரி யூனிஃபார்ம் எல்லாவற்றையும் மடித்து அடுக்கியிருந்தாள். பக்கத்தில் வேலைக்குப் போடும் ஷூ. ஃபேக்டரி பஸ் சுங்கை ரம்பாய் பக்கம் வருகிறதா என்று டிரைவரிடம் விசாரித்தும் விட்டாளாம். யூனிஃபார்மோடு போகிறவள் விருந்தாளி இல்லை, குடியேறப் போகிறவள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. உண்மையிலேயே கலக்கியது. அவள் குளித்து வருவதற்குள் நான் போய்ப் பாத்ரூம் கதவைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. அவள் பாஸ் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் டவுனில் சரக்கு இறக்கும்போது பெச்சாவில் ஒரு ஜோடி போவதைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் தலை பையனின் தோளில் சாய்ந்திருந்தது. தலையைச் சாயவைப்பது பெச்சாதான் என்று அங்கேயே முடிவுகட்டினேன். அவர்களுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது என்பதை யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டேன். அவளுக்குச் சாமியோடு சண்டை இல்லை, அதனால் வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, முகம் மட்டும் போலீஸ் ஸ்டேஷன். அவள் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் இருப்பதிலேயே பெரிய அர்ச்சனையாகச் சொன்னேன். குருக்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமி மேல் கிடந்த ரோஜா மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டார்.

“காத்து வாங்கிட்டுப் போலாம்” என்று சொல்லி மணிக்கூண்டுப் பக்கம் நடத்திக் கூட்டிப்போனேன். பெச்சாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் கல்யாண வீட்டுக்குப் போடுகிற விளக்கு, பிளாஸ்டிக் பூ, பஞ்சடைத்த பொம்மை, ஊருக்கே கேட்கிற ஸ்பீக்கர்.

“ஏறு” என்றேன்.

“எதுக்கு?”

“சும்மா ஒரு ரவுண்டு.”

“இந்த வயசுல இதுல ஏறி நான் யாருக்கு வேடிக்க காட்டணும்? நீங்க ஏறுங்க. உங்களுக்குத்தான் அது பழக்கம்.”

ஆனாலும் ஏறினாள். பகல் முழுக்க லைனில் நின்ற கால். “கார் வரைக்கும் நடக்க முடியாது, அதான் ஏறுறேன். வேற கனவு காணாதீங்க” என்று சொல்லிவிட்டே ஏறினாள். சைக்கிளுக்குப் பக்கவாட்டில் ஒட்டவைத்த சீட் அது, எலும்பும் தோலுமான இரண்டு டூரிஸ்ட்டுக்கு அளவெடுத்தது. என் வயிறு முதலில் உட்கார்ந்தது, மிச்ச இடத்தில் நான். நடுவில் அவள் ஹேண்ட்பேக்கை நட்டு எல்லை பிரித்தாள். மாலை நசுங்கியது. கழற்றிக் கீழே வைக்கப் போனேன்.

“சாமி மாலைய கால்மாட்டுல வைப்பீங்களா? புத்தி எங்க போச்சு? கழுத்துல போடுங்க!”

போட்டுக்கொண்டேன்.

ஓட்டுகிறவர் மலாய்க்காரப் பெரியவர். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “அண்ணே, தமிழ் லாகு அடா!” என்றார். தமிழ்ப் பாட்டு வைத்திருக்கிறாராம். போட்டார். காதலி விட்டுவிட்டுப் போனவன் குடித்துவிட்டு அழுகிற பாட்டு.

“நல்லா சத்தமா வைக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழமைக்கு இப்பவே பழகிக்கலாம்” என்றாள் என் மனைவி.

சிவப்புத் தேவாலயத்தைத் தாண்டினோம். பறங்கி, டச்சுக்காரன், வெள்ளைக்காரன் என்று வரிசையாக வந்து பிடித்த ஊர் இது. வந்தவன் ஒவ்வொருவனும் பீரங்கியோடு வந்தான். பூமாலையோடு வந்த முட்டாள் நான் ஒருத்தன்தான். நடைபாதையில் நின்ற சீனப் பெண் ஒருத்தி எங்களைப் பார்த்துக் கைதட்டிப் படம் எடுத்தாள்.

“ஞாயித்துக்கெழம போய்த்தான் ஆகணுமா லா?” என்று மெல்ல ஆரம்பித்தேன்.

“மைக் இல்லாம உங்களுக்குப் பேச வருமா? எனக்குத் தெரியாமப் போச்சே.”

“அது ஜோக்குமா.”

“நா இருபது வருசம் நின்னு வாங்குனது உங்களுக்கு ஜோக்கு. சரி, சிரிங்க. சிரிச்சிக்கிட்டே தனியா இருங்க.”

ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பெரியவருக்கு மூச்சு வாங்கியது, பெச்சா ஊர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பாலத்தோரமாக ஓர் அக்கா. நாங்கள் முன்பு இருந்த எஸ்டேட் தோட்டத்து ஆள், அங்கே என் மனைவியின் பிறந்த வீட்டுக்கு அடுத்த வீடு. எங்களைப் பார்த்ததும் படமெடுக்கப் போனைத் தூக்கிவிட்டார்.

“அடியாத்தி! அறுவதாங் கல்யாணமா? பெச்சாவுல ஊர்வலம் வேறயா! யாருக்கும் சொல்லவே இல்ல பாத்தியா!”

“அக்கா, இல்லக்கா...” என்று நான் எழப் பார்த்தேன். வயிறு விடவில்லை. பெச்சா பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் ஓடிவிட்டது. அந்த இறக்கத்திலும் வண்டி நிற்கவில்லை.

தோட்டத்தில் இருந்த அத்தனை குடும்பமும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. நாங்கள் பாலத்தை அடுத்த குறுகிய தெருவைக் கடந்து முடிப்பதற்குள் என் மனைவியின் போன் அடித்தது. அவள் அண்ணன். பாட்டுச் சத்தத்தில் கேட்காமல் அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னா, அறுவதாங் கல்யாணமா? தோட்டமே பாக்குது! பொறந்த வீட்டுச் சீரு கொண்டார அண்ணன் நா இருக்கேனே, செத்தா போய்ட்டேன்?”

“அதெல்லாம் இல்லண்ணே. கோயிலுக்கு வந்தோம்...”

“கழுத்துல மால கெடக்கு! எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?”

“அவருக்கு இன்னும் அறுவதே ஆகலண்ணே.”

“பாத்தா அப்புடித் தெரியலையே!”

இது அநியாயம். பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

“நீங்க ஒரு வார்த்த பேசுனா நா ஓடுற வண்டியிலேருந்து குதிச்சிருவேன்” என்றாள் என்னிடம். மூடிக்கொண்டேன். பண்பால் அல்ல, அவள் குதிப்பாள் என்பதால்.

அண்ணன் நிறுத்தவில்லை. சீர் இல்லாமல் விசேஷம் செய்தால் ஊரில் தலை குனிய வேண்டியது அவர்தானே. “லைன் லீடர் ஆனதும் அண்ணன் கண்ணுக்குத் தெரியல, இல்ல? ஃபேக்டரியில நாலு பேரு கைகட்டி நின்னா ஊரே கைகட்டணுமா? பெரிய ராணி! ஞாயித்துக்கெழம வர்றேன்னியே, எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு என் வாசல்ல ஏறுவ?”

அதுவரை கெஞ்சிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வரல” என்றாள்.

“என்னா?”

“உங்க வீட்டுக்கு வரலன்னு சொன்னேன். சீரையும் நீங்களே வச்சிக்குங்க.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பேச்சு முடிந்தது என்று தெரிந்ததும் பெரியவர் பாட்டை இன்னும் ஏற்றிவைத்தார். எனக்கோ உள்ளுக்குள் வாணவேடிக்கை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“அப்ப வீட்லதான இருப்ப?” என்றேன் பல்லைக் காட்டிக்கொண்டு.

“உங்களுக்காக இல்ல. அவரு ஒரு வாய், நீங்க ஒரு வாய். அந்த வீட்டவிட என் வீடு ஃபேக்டரிக்குப் பக்கம், அவ்ளோதான். அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க.”

திரும்பி உட்கார இடமில்லை. அதனால் வானத்தைப் பார்த்தேன். மலையடிவாரத்துப் பழைய கோட்டை வாசல் பக்கம் வண்டி திரும்பியபோது பெரியவர் ஏதோ வரலாறு சொன்னார். இருவருமே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சுங்கை ரம்பாய்க்குப் போகவில்லை. அண்ணன் மேல் வந்த கோபத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டாள். என் மேல் இருந்த கோபமும் குறையவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் எழுந்து, கட்டிவைத்த அதே பையிலிருந்து யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.