கல்லுக்கு அளவெடுத்தவர்

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "உங்க பாட்டன் பேரு என்னங்க?" என்று கேட்கிறார் அம்சவேணி. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பெண் சொல்கிறார். அளவு நோட்டில் தோள், கை, இடுப்பு என்ற கணக்குக்குக் கீழே அந்தப் பெயரும் ஏறுகிறது. "கதையில வர்றவங்களுக்குப் பேரு வேணுமுங்க. இப்ப வெக்கிற பேரு அந்தக் காலத்துக்கு ஒட்டாது."

செம்மேடு பேருந்து நிலையத்துக்கு எதிரே அம்சவேணியின் தையல் கடை. வயது நாற்பத்தொன்று. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கதை எழுதுவது மாதக் காலண்டரின் பின்பக்கத்தில். ஏழு கதைகள் எழுதியிருந்தார், ஒன்றும் அச்சாகவில்லை. அவற்றைப் படித்த ஒரே ஆள், காலைப் பேருந்தின் நடத்துநர் அர்த்தனாரி. முள்ளுக்குறிச்சிக்காரர், அவரும் எழுதுகிறவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் கிழிந்த காக்கிச் சட்டையைத் தைக்கக் கொடுக்க வந்தவர், மேசையில் கிடந்த தாளைப் படித்துவிட்டு, "ஏனுங்க, இதுக்கு அடுத்த பக்கம் எங்கீங்க?" என்றாராம். அன்றிலிருந்து பேருந்து நிற்கும் இருபது நிமிடத்தில் தாள்கள் கைமாறின. புகழ்ச்சி மட்டும் கிடையாது.

போன ஆண்டு திருப்புலி நாடு என்ற மலையூர்ப் பகுதியில், சித்தப்பாவின் சாமைக் காட்டோரம் அம்சவேணி ஒரு நடுகல்லைப் பார்த்தார். புலியைக் குத்தும் ஒருவன். பக்கத்தில் ஒரு பெண். பையிலிருந்த டேப்பை எடுத்து அந்தப் பெண்ணை அளந்தார். உயரம் பதினெட்டு அங்குலம். "அந்த உசரத்துக்குத் தோள் அகலமுங்க. வேலை செஞ்ச ஒடம்பு." மறுநாளே அர்த்தனாரியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து ஒரு மாத இதழில் அர்த்தனாரியின் முதல் கதை வெளிவந்தது. இதழை அவரே கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதே கல், அதே பெண். கதையில் அவள் புலியைக் கண்டு மயங்கி விழுந்தாள். எழுந்து, இறந்த கணவன்மேல் விழுந்து அழுதாள்.

"எடுத்தது கூடப் பரவாயில்லீங்க. அவளை எதுக்கு அழ வெச்சீங்க? கல்லை நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க."

அம்சவேணி இதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தைக்கத் தொடங்கினார். பிறகு நாற்பது நாள் பேருந்து வந்தது, போனது. தாள் எதுவும் கைமாறவில்லை. அம்சவேணி எழுதவும் இல்லை. "யாரு படிக்கன்னு எழுதறதுங்க?" என்று அப்போது துணி தைக்கப் போன என்னிடம் கேட்டார்.

நாற்பத்தோராம் நாள், தன் ஓய்வு நாளில், காக்கி இல்லாமல் வந்து நின்றார் அர்த்தனாரி. "கல்லைக் காட்டுங்க."

இருவரும் காட்டுக்குப் போனார்கள். அர்த்தனாரி கல்லின் முன் குத்தவைத்து வெகுநேரம் பார்த்தார். பெண்ணின் வலக்கை, இடுப்பில் செருகிய கத்தியின் மேல் இருந்தது.

"இவ பயந்து நிக்கலீங்க," என்றார். "பாக்காம எழுதிப்போட்டேன். கல்லைக் கண்டவங்க நீங்கன்னு பத்திரிகைக்கு லெட்டர் போட்டுட்டேனுங்க. இவளை நீங்கதான் எழுதணும்."

திரும்பும் வழியில் அம்சவேணி, "உங்க புலி நல்லா வந்திருந்துச்சு," என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கல்லுப் பெண்ணைப் பற்றிய எட்டாவது கதை முப்பத்திரண்டு பக்கம் வந்தது. நீளம் அதிகம் என்று இதழ் திருப்பி அனுப்பியது. அதை இப்போது நாவலாக விரித்துக்கொண்டிருக்கிறார்.

சென்ற வாரம் நான் கடையில் இருந்தபோது அர்த்தனாரி புதுக் கதை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்சவேணி தையலை நிறுத்தி, முழுவதையும் படித்தார். பிறகு கத்தரியை எடுத்து, கடைசிப் பத்தியை மட்டும் நேராக வெட்டி, "கதை இதுக்கு முந்தியே முடிஞ்சிருச்சுங்க," என்று அந்தத் துண்டை அவர் கையில் கொடுத்தார்.