ஒரே நடைக்கு நாலு டோக்கன்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓட்டை டிப்பர் ஒன்றில் ஆரம்பித்தேன். இன்று அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வரிசையாக நிற்பதெல்லாம் என் வண்டிகள்தான். அங்கே கல் ஏற்றும் வரிசைக்கான டோக்கனைச் செல்போனுக்குக் கொண்டுவந்த முதல் ஆளும் நான்தான். இல்லை என்பவன் நேரில் வந்து சொல்லட்டும்.

பெரம்பலூரில் இன்ஜினீயர் பொண்ணு ஒன்று அதற்கான புரோகிராமை ஜாவாவில் எழுதிக் கொடுத்தது. ரெஸ்ட் சர்வீஸ் என்று அதற்குப் பெயராம். டிரைவர் பட்டனை அமுக்கினால் கேள்வி ஆபீஸ் சர்வருக்குப் போகும்; சர்வர் டோக்கன் எண்ணைத் திருப்பி அனுப்பும். அந்த வரிசைப்படிதான் கல் ஏற்றுவோம். கல் ஏற்றிப் போய்வரும் நடைக்கு இவ்வளவு என்றுதான் டிரைவருக்குக் கூலி. வரிசையில் முந்துகிறவனை எவனும் மன்னிக்க மாட்டான்.

குவாரிப் பள்ளத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. ஹாரனை விடாமல் அடித்துப் பழகிய கைகள், பதில் வரவில்லை என்றால் பட்டனையும் அப்படித்தான் அடிக்கும். ஒரு மத்தியானம் செட்டிகுளத்து டிரைவர் அப்படி அடித்தான். கேள்விகள் எல்லாம் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தன, பதில்தான் திரும்பவில்லை. அவன் வண்டிக்கு அடுத்தடுத்து நாலு டோக்கன் விழுந்துவிட்டது; கல் ஏற்றுமிடத்தில் அவனையே நாலு முறை கூப்பிட்டார்கள்.

"திருட்டுப் பயலே, மொதலாளி வூட்டுச் செல்லப்புள்ளையாடா நீ?" என்று எறையூர் டிரைவர் அவனைக் காலைப் பிடித்து வண்டியிலிருந்து கீழே இழுத்துப் போட்டான்.

"முருகன் சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலண்ணே..."

அதற்குள் ஜாக்கி ராடு அவன் மண்டையில் இறங்கியது. விழுந்தவனை ஐந்தாறு பேர் மிதித்தார்கள்.

நான் ஓடிப் போனபோது ரத்தத்தில் அவன் முகமே தெரியவில்லை. எறையூரான் மறுபடி ராடை ஓங்கினான். குறுக்கே என் கையைக் கொடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இன்னொரு கையால் அவன் தாடையில் விட்டேன் ஒன்று, பல்லைத் துப்பினான். இந்த வயதில் எவன் செய்வான்?

அந்த இன்ஜினீயர் பொண்ணுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஐயா, அவர அடிக்க வேணாம்னு சொல்லுங்க! தப்பு என்னோடதுங்க. ஒவ்வொரு தடவ அமுக்குனதையும் புது நடைன்னு சர்வர் எடுத்துக்கிச்சு."

"மொதலாளி சொல்லிக் குடுத்தத ஒப்பிக்குது," என்றான் ஒருவன்.

டிரைவர் பிழைத்தான். ஆனால் திருடன் என்ற பெயர் அவனை விடவில்லை. பொண்ணு சர்வரை மாற்றி எழுதியது. இப்போது ஒவ்வொரு நடைக்கும் போனே ஒரு எண் போட்டு அனுப்பும். அதே எண் எத்தனை தடவை வந்தாலும் சர்வர் பழைய டோக்கனையே கொடுக்கும். எல்லோரையும் பள்ளத்தில் கூட்டினேன். தையல் போட்ட தலையோடு அவனையே அமுக்கச் சொன்னேன்.

அமுக்கினான். விடாமல் அமுக்கினான்.

"பட்டன் பேந்துரப் போவுதுடா," என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. டோக்கன் ஒன்றுதான் நின்றது.

"சரி, வுடுறா," என்றான் எறையூரான்.

செட்டிகுளத்தான் போனைப் பையில் போட்டான். குனிந்து பெரிய கல்லாக எடுத்து எறையூரான் ஓட்டும் வண்டியின் முன்கண்ணாடியை அடித்து நொறுக்கினான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"சைடு கண்ணாடியும் என்னோடதுதான்டா," என்றேன். "அதையும் அடி."