முன்சக்கர லீவரின் மேல் ஒரு கை

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். மீன்கூடை சுமந்து சேர்த்த காசில் பட்டாளத்து ஏல ஜீப்பை வாங்கி, தனுஷ்கோடி மணலில் ராஜா மாதிரி ஓட்டியவன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், இது நடந்தது.

அந்த ஜீப்பில் ஒரு சின்ன லீவர் உண்டு. போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும், எடுத்தால் பின்சக்கரம் மட்டும். மற்றவர்கள் வண்டியை நிறுத்தி மாற்றுவார்கள், நான் ஓட்டத்திலேயே மாற்றுவேன். மணலில் நாலு, தரை இறுகியதும் இரண்டு. கெட்டித் தரையில் நாலையும் இழுக்கவிட்டால் டயர் தேய்ந்துவிடும் அல்லவா?

ஒருநாள் மீனவன் சவரிக்குத் திருக்கை மீனின் விஷ முள் தொடையில் பாய்ந்துவிட்டது. முன் சீட்டில் உட்காரவைத்து ராமேஸ்வரம் ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். வழியில் உப்புப் பூத்த வெள்ளைத் தரை. லீவரில் கை வைத்தேன்.

"எடுக்காதண்ணே, மேலதான் காஞ்சிருக்கு. அடியில சேறு."

"ஏலே, வண்டி ஓட்டுறது நானா நீயா?"

எடுத்தேன். சக்கரம் அச்சுவரை புதைந்தது. ஆள் சேர்த்துத் தூக்குவதற்குள் அவன் உயிர் போய்விட்டது. வண்டி ரிப்பேர் என்று ஊரில் சொல்லிவிட்டேன்.

மறு வருசம் அவன் தம்பி அந்தோணியின் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி. ரயில் போய்விட்டது, நல்ல உச்சிவெயில். அவளைத் தாங்கிக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்தான், முன் சீட்டு காலி. அதே வெள்ளைத் தரை வந்தது. எத்தனை முறை பட்டாலும் பழக்கம் போகுமா, கை தானாக லீவருக்குப் போனது. அப்போது என் கைமேல் இன்னொரு கை விழுந்தது, ஈரமாக, ஐஸ் மாதிரி. அழுத்திப் பிடித்துக்கொண்டது, என்னால் லீவரை அசைக்க முடியவில்லை. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. அந்தத் தரை முடிந்த பிறகுதான் விட்டது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம், ஆண் பிள்ளை. அந்தோணி ஓடிவந்து என் கையை எடுத்து முத்தமிட்டான்.

"ஒங்க ஓட்டந்தாண்ணே ரெண்டு உசுரக் காப்பாத்துச்சு. அதென்னண்ணே, கை உப்புக் கரிக்குது? கடல்லயா கெடந்தீக?"

"வேர்வைடா," என்று சிரித்தேன். அவன் புகழ்ந்ததை மறுக்கவும் இல்லை. பிள்ளைக்குச் சவரி என்றே பேர் வைத்தார்கள்.

சவரிக்கு நடுவிரல் கிடையாது, சின்ன வயதிலேயே சுறாத் தூண்டில் அறுத்துவிட்டது. இன்றைக்கும் எந்த வண்டியில் கியரைத் தொட்டாலும் என் புறங்கை சில்லிடுகிறது. நடுவில் ஒரு விரல் அகலம் மட்டும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது.