கோட்டையா, அரணா: ஒரு தோட்டத்துக் காவல் கட்டடமும் என் குழப்பமும்

சென்ற சனிக்கிழமை சிரம்பானுக்கு அருகே ஒரு தோட்டத்துக்குப் போய் வந்தேன். 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அறிவித்த அவசரகாலத்தில் கட்டிய கான்கிரீட் காவல் கட்டடம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை வைக்கிறார்கள். மலாயில் ‘குபு’ என்று எழுதியாயிற்று. தமிழ்ச் சொல்லைத் திங்கட்கிழமைக்குள் நான் தர வேண்டும். ஒரு சொல்தானே என்று தலையாட்டிவிட்டேன்.

காலை 8.10க்கு நான் குடியிருக்கும் ராசா பகுதியில் காரை எடுத்தேன். 27 கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம். கடைசி மூன்று கிலோமீட்டர் செம்பனை மரங்களுக்கு நடுவே மண் பாதை. வழியெல்லாம் மண்டைக்குள் சொற்கள்தான். கோட்டை என்றால் உள்ளே ஊரே குடியிருக்க வேண்டும். கொத்தளம் கோட்டை மதிலில் துருத்தி நிற்பது, மதிலே இல்லையே. பதுங்குகுழி மண்ணுக்குள் இருப்பது. அரண் என்றால் காப்பது எதுவும், காடும் தண்ணீரும்கூட. மலாய்க்காரர்கள் எல்லாவற்றையும் ‘குபு’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்! அரை மனதோடு ‘காவலரண்’ என்று எழுதிப் பையில் வைத்திருந்தேன்.

பலகைக்கு ஏற்பாடு செய்த சரோஜா அக்கா தோட்டத்துக் கோயில் வாசலில் காத்திருந்தார். அவருடைய அப்பா அந்தக் கட்டடத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகக் காவல் நின்றவர்.

“கோட்டைன்னே போடுங்க தம்பி. எங்கப்பா நின்ன இடம்லா. பேரு கெத்தா இருக்கணும்.”

குனிந்து உள்ளே போனோம். பத்தடிக்குப் பத்தடி, ஒரே வௌவால் நாற்றம். சுவரில் துப்பாக்கி நீட்ட நான்கு துளைகள். ஒன்றுதான் காட்டைப் பார்த்தது. எனக்குத் திசை குழம்பிவிட்டது என்று நினைத்து வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி நுழைந்தேன். மற்ற மூன்றும் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைத்தான் பார்த்தன. துரை பங்களா பின்னால், பத்திரமாக இருந்தது.

“லயத்துலேர்ந்து யாரும் காட்டுல இருந்த கம்யூனிஸ்டுங்களுக்கு அரிசி கொண்டுபோறாங்களான்னு பாப்பாங்களாம்” என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே ஒரு துளையில் கண்ணை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ரெண்டாவது வீடு எங்கம்மா வீடு. அப்ப அவங்களுக்குக் கல்யாணம் ஆகல.” துளையிலிருந்து கண்ணை எடுத்தார். “அந்த வீட்டப் பாத்துத்தானா அப்பா துப்பாக்கி வெச்சிருந்தாரு?”

யாரிடமிருந்து யாரைக் காத்தது என்று புரியாமல் அரண் என்று எப்படி எழுதுவது? பையிலிருந்த காகிதத்தை எடுக்கவே வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: கட்டணம் கிடையாது. மழை பெய்தால் அந்தப் பாதையில் சின்னக் கார் ஏறாது. டார்ச் எடுத்துச் செல்லுங்கள். நான்கு துளைகளிலும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பலகைக்குக் ‘காவலரண்’ என்றே கொடுத்தேன். சரியா என்று இன்னும் தெரியவில்லை. கொடுக்குமுன் திங்கட்கிழமை காலை அக்காவைப் போனில் கூப்பிட்டு, கோட்டைக்குப் பதில் இது போதுமா என்று கேட்டேன்.

“பேரு என்னாவோ போடுங்க தம்பி” என்றார். “கீழ ஒரு வரி சேத்துக்குங்க. மூணு துளை எங்க வீடுங்களத்தான் பாக்குதுன்னு.”