பின்சந்தின் உயரம்

மரமோ சுவரோ மறித்து, போன் டவரிலிருந்து கிளம்பும் அலை எங்கே துவண்டுவிடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது தேன்மொழியின் வேலை. ஸ்கூடாயின் பல தாமான் குடியிருப்புகளில் அவள் கணக்கு பலித்திருந்தது. இந்த ஒரு தாமானில் பல்லிளித்தது. சிக்னல் உண்டென்று கணினியில் பச்சையாகத் தெரிந்த பின்சந்தில், கருவியோடு போய்ப் பார்த்தால் லைன் செத்துக் கிடந்தது.

“குத்துமதிப்பா ஒரு எண்ணப் போட்டு அனுப்பிடு லா,” என்றார் மேலாளர் சுகுமாறன். “வெள்ளிக்கிழமை தாண்டினா புது அண்டெனா வேற தாமானுக்குப் போயிரும்.”

காரணம் தெரியாமல் அண்டெனாவை எங்கே வைப்பது? அவள் சந்துக்குள் நடந்தாள். வரைபடத்தில் எல்லாம் ஒற்றை மாடி வீடுகள். நேரிலோ ஒவ்வொன்றும் அடுப்படியை நீட்டி, மேலே அறை எழுப்பி, தகரமும் போட்டிருந்தது.

அளவெடுக்கக் கருவியை உயர்த்தியதுமே ஒரு கதவு திறந்தது. கையில் கரண்டியோடு அந்த வீட்டுக்காரி தனலெட்சுமி.

“மஜ்லிஸ்லேருந்தா? நாங்க எதுவும் கூட்டிக் கட்டலம்மா!”

நகராட்சியின் அனுமதியில்லாத மாடி அவள் தலைக்கு மேலேயே நின்றது.

“நான் அபராதச் சமான் போட வரலக்கா. போன் லைனுக்கு வந்திருக்கேன்.”

“போன தடவை வந்தவனும் சிரிச்சுக்கிட்டேதான் வந்தான்!”

அடுத்தடுத்த கதவுகள் மூடிக்கொண்டன. கேட்காமலே அளந்திருக்கலாம். தேன்மொழி கருவியை இறக்கினாள். அறிக்கை வீடுவாரியாக உயரம் கேட்டது. அது யார் கைக்குப் போகுமோ! கணக்குக்கோ சந்தின் சராசரி உயரம் போதும்.

“வீட்டு நம்பர் வேணாங்க்கா. சந்து மொத்தத்துக்கும் ஒரே ஒரு உயரம்தான் எழுதுவேன். இந்த மாடிங்கதான் லைன அடைக்குது.”

“அலமாக்! சிங்கப்பூர்லேருந்து எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டா முன்வாசலுக்கு ஓடுறேனே, என் அடுப்படிதான் காரணமா?”

“பக்கத்து வீடும்தான்.”

“அவளக் கேளு, என்னைவிட உசரம்!” கரண்டியாலேயே காட்டியவள், தானே போய் அந்தக் கதவைத் தட்டினாள். சந்து முழுக்கக் கதவுகள் திறந்தன. தேன்மொழி கருவியை மறுபடி உயர்த்தினாள்.

வியாழக்கிழமை அறிக்கையைப் புரட்டிய சுகுமாறன், “எந்தெந்த வீடு?” என்றார்.

“சந்து, சார்.”

அதில், புது உயரத்தோடு கணக்கிட்ட சிக்னல் கோடும் நேரில் அளந்த கோடும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடின. அவர் மறுபடி கேட்காமல் கையெழுத்திட்டார்.

புது அண்டெனா சந்து முனை விளக்குக் கம்பத்தில், சந்துக்குள் நேரே பார்க்கும்படி தாழ்வாக ஏறியது. அதைச் சோதிக்க வந்த தேன்மொழி கருவியை எடுக்கக்கூட இல்லை. அதற்குள் தனலெட்சுமியின் குரல் அடுப்படி ஜன்னல் வழியே கேட்டது.

“சிங்கப்பூர் பாலத்துல ஜாமா? பரவால்ல, பேசுங்க. நான் குழம்பக் கிண்டிக்கிட்டேதான் இருக்கேன்.”